நீளக் காரும் ஒரு செவ்விளநீரும்

எங்கள் காரின் பற்றரியும் நானும் ஒரே அறையில் படுத்து உறங்கியிருக்கிறோம். லண்டன் கிங்ஸ்பரியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் என் அறை ஹீட்டர் ஒன்றுதான் ஒழுங்காக வேலை செய்தது. ஆகவே உறைபனி வருமென்று தொலைக்காட்சி சொன்ன நாட்களில் அப்பா பற்றரியைக் கழற்றி, இரண்டு கைகளாலும் அணைத்தபடி மாடிப்படி ஏறி வருவார். என் கட்டிலுக்கு அருகே பழைய துவாய் ஒன்றை விரித்து அதன்மேல் வைப்பார். பிறகு என் போர்வையை இழுத்துச் சரிசெய்வார். இரண்டில் எந்தப் பிள்ளையில் அவருக்குப் பாசம் கூட என்று அம்மா கேட்பதுண்டு. அப்பா குனிந்து துவாயையும் ஒருமுறை சரிசெய்வார்.

அது 2009ஆம் ஆண்டு. எனக்கு ஒன்பது வயது, காருக்குப் பதினெட்டு. நோர்வேயின் வடக்கே, கடலோரத்தில் இருந்த ஒரு சிறிய ஊரில் அப்பா பதினாறு வருடம் மீன் ஆலையில் வேலை செய்தவர். நான் ஆங்கிலம் படிக்கவேண்டும், சொந்தக்காரரோடு சேர்ந்து வளரவேண்டும் என்று இரண்டு வருடத்துக்கு முன் லண்டனுக்கு வந்தோம். வரும்போது கட்டில், அலுமாரி, குளிர்சாதனப் பெட்டி எல்லாவற்றையும் விற்ற அப்பா, காரை விற்கச் சம்மதிக்கவில்லை. கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். இங்கே அந்த வகைக்கு எஸ்டேட் கார் என்று பெயர். கூரை பின்சக்கரங்களையும் தாண்டிக் கடைசிவரை நீளும். பின்னிருக்கைக்குப் பின்னால் ஒரு ஆள் கால் நீட்டிப் படுக்கலாம். எங்களுடையது மண்ணிறம். பேக்கரியில் நீட்டிச் சுட்ட பாண் போல இருக்கும்.

நோர்வேயில் ஓடிய கார் என்பதால் அதன் ஸ்டியரிங் இடப்பக்கம் இருந்தது. லண்டனில் எல்லாக் காரிலும் சாரதி உட்காருகிற வலப்பக்க இருக்கையில் எங்கள் காரில் நான் உட்காருவேன். எதிரே வருகிறவர்களுக்கு ஒரு சின்னப் பிள்ளை, இரட்டைப் பின்னலோடு, கையைக் கட்டிக்கொண்டு கார் ஓட்டிவருவது போலத் தெரியும். சிலர் வாயைப் பிளப்பார்கள். அப்பாவுக்கோ வலப்பக்கத்துச் சாலை சரியாகத் தெரியாது. முன்னால் நிற்கும் வாகனத்தை விலத்திப் போவதென்றால், எதிரே ஏதாவது வருகிறதா என்று பார்த்துச் சொல்லவேண்டியது நான்தான். அந்த உத்தியோகத்தில் எனக்குப் பெருமை இருந்தது. ஆனால் பள்ளிக்கூட வாசலில் அந்தக் காரிலிருந்து இறங்குவது வெட்கமாகவும் இருந்தது.

வெட்கத்துக்குக் காரணம் மாமா. அம்மாவின் தம்பி. இரண்டு தெரு தள்ளி இருந்தார். வெள்ளி நிறத்தில், தரையோடு பதிவாக, மினுங்குகிற புதுக் கார் ஒன்று வைத்திருந்தார். எங்கள் காரைக் கண்ட முதல்நாளே, "என்ன அத்தான், சவப்பெட்டி ஏத்திற காரெல்லோ வாங்கி வைச்சிருக்கிறியள்" என்றார். அதன்பிறகு எங்கள் உறவினர் மத்தியில் அந்தக் காருக்கு அதுதான் பெயர்.

அப்பாவுக்குக் குளிர்காலம் ஐப்பசியிலேயே தொடங்கிவிடும். பின்வளவுக் கொட்டிலில் இருந்து குளிர்கால டயர்கள் நான்கையும் உருட்டி வருவார். எது எந்தப் பக்கம் என்று வெண்கட்டியால் எழுதிவைத்திருப்பார். இலையே உதிர்ந்து முடியாத ஊரில் இந்த மனிதன் ஏன் டயர் மாற்றுகிறான் என்று பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் மதிலுக்கு மேலால் பார்ப்பார். பனி கொட்டுகிற நாளில் வைப்பரைக் கண்ணாடியில் ஒட்டவிடாமல் தூக்கிவைப்பது, கைப்பிரேக்கை இழுக்காமல் சக்கரத்துக்குச் செங்கல் கொடுப்பது, கதவு ரப்பருக்குக் கிளிசரின் பூசுவது என்று அப்பாவிடம் பல விரதங்கள் இருந்தன. கிளிசரின் கதையைக் கேட்ட மாமா, எண்ணெய்தானே என்று தன் காரின் கதவுகளுக்குத் தேங்காயெண்ணெய் பூசிவிட்டார். மறுநாள் அது உறைந்து நான்கு கதவும் திறக்கவில்லை. சாமான் ஏற்றுகிற பின்கதவு வழியாக அவர் தவழ்ந்து ஏறியதை நான் கண்ணால் கண்டேன்.

எல்லாவற்றிலும் விசேஷம் அரிசி மூட்டைதான். எங்கள் காரை உந்துவது பின்சக்கரங்கள். பின்பக்கம் பாரம் இல்லாவிட்டால் பனியில் அவை வழுக்கிச் சுழலும். நோர்வேயில் அப்பா மணல் மூட்டை ஏற்றுவாராம். லண்டனில் அதற்குப் பதிலாகத் தமிழ்க் கடையில் இருபது கிலோ சிவப்பரிசி மூட்டை நான்கு வாங்கிப் பின்னால் அடுக்கிவிட்டார். எப்படியும் சாப்பிடத்தானே போகிறோம் என்பது அவர் வாதம். அதிலேதான் சிக்கல். சமையலறையில் அரிசி முடிந்தால் அம்மா நேரே காருக்குப் போவார். பொங்கலுக்கு ஒரு மூட்டை போயிற்று, மாமாவின் வீட்டு விசேஷத்துக்கு ஒன்று. "இப்பிடியே சமைச்சால் கார் வழுக்கும்" என்று அப்பா முறையிடுவார். "காருக்கு அரிசியோ, உங்களுக்கு அரிசியோ எண்டதை முதல்லை முடிவெடுங்கோ" என்பார் அம்மா. மாசி தொடங்கும்போது காரில் மிஞ்சியது ஒரே ஒரு மூட்டை.

இந்த வீட்டில்தான் பெரியம்மாவும் இருந்தார். அம்மாவின் அக்கா. பெரியப்பா இறந்தபின் எங்களோடு வந்து தங்கியவர். அவருடைய சிறுநீரகம் இரண்டும் பழுதாகிவிட்டன. திங்கள், புதன், வெள்ளி என்று வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரி வாகனம் வந்து அவரை ஏற்றிப் போகும். அங்கே இயந்திரத்தில் நான்கு மணிநேரம் இரத்தத்தைச் சுத்தம்செய்து அனுப்புவார்கள். வெள்ளிக்கும் திங்களுக்கும் இடையில் இரண்டு நாள் வெறுமையாகப் போவதால் திங்கட்கிழமையைத் தவறவிடவே கூடாது என்று அம்மா அடிக்கடி சொல்வார். பெரியம்மா கண்டபடி தண்ணீர் குடிக்கக்கூடாது. ஒரு நாளைக்கு ஒரு சின்ன நீலப் போத்தல், அவ்வளவுதான். அதைக் காலையிலேயே நிரப்பி, சொட்டுச் சொட்டாகக் குடித்து இராவரைக்கும் கொண்டுபோவார். உதடு எப்போதும் வெடித்திருக்கும். ஆனாலும் வாய் ஓயாது. எனக்குப் பின்னல் பின்னிவிட்டுக்கொண்டே தன் பள்ளிக்கூடத்துக் குறும்புகளை எல்லாம் சொல்லுவார். என்னைக் குஞ்சு என்றுதான் கூப்பிடுவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அம்மா படுத்திருந்தார். முதியோர் இல்லத்தில் இரவு ஷிப்ட் இருந்தது. பனி வரப்போகிறது என்று அப்பா முற்றத்தில் காரைத் திறந்துவைத்து நின்றார். எஞ்சினுக்கு அருகே ஒரு வெள்ளைத் தொட்டி இருக்கும். அதிலே இரண்டு கோடுகள். தண்ணீர் அந்தக் கோடுகளுக்கு இடையில் நிற்கவேண்டும். அதைப் பார்த்துச் சொல்வதும் என் வேலை. "கீழ்க்கோட்டுக்குக் குறைஞ்சால் விடவேணும். இல்லாட்டி எஞ்சின் காய்ஞ்சு செத்துப்போகும்" என்று அப்பா எனக்குப் பழக்கியிருந்தார். அன்று தண்ணீர் குறைந்திருந்தது. தண்ணீர் உறையாமலிருக்க மருந்து சேர்த்த கலவையை நானே ஊற்றினேன். கை விறைத்துப்போய் உள்ளே வந்தேன்.

பெரியம்மா சோபாவில் இருந்தார். நீலப் போத்தல் வெறுமையாகப் பக்கத்தில் கிடந்தது. நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டிருந்தார். எனக்கு உடனே விளங்கிவிட்டது: பெரியம்மா கீழ்க்கோட்டுக்குக் கீழே போய்விட்டார். தண்ணீர் கூடாது என்று தெரியும். ஆனால் சமையலறை மேசையில், செவ்வாய்க்கிழமை கோயில் அபிஷேகத்துக்கென்று அம்மா வாங்கிவைத்த செவ்விளநீர் ஒன்று இருந்தது. காருக்கே வெறும் தண்ணீர் விடுவதில்லை, நல்ல கலவைதான் விடுவோம். இளநீரும் அப்படி ஒன்றுதான், உடம்புக்குக் குளிர்ச்சி என்று எல்லாரும் சொல்கிறார்களே. அப்பாவின் பெட்டியிலிருந்து நீள ஸ்குறூ டிரைவரையும் சுத்தியலையும் எடுத்துவந்து துளைத்தேன். கிளாஸில் ஊற்றும்போது மேசையெல்லாம் சிந்தியது.

"ஐயோ குஞ்சு, உது எனக்கு ஆகாது" என்றார் பெரியம்மா. நான் எஞ்சின் கதையைச் சொன்னேன். அவர் குலுங்கிச் சிரித்தார். ஒரு மிடறு மட்டும் என்று வாங்கினார். குடித்துவிட்டுக் கண்ணை மூடினார். பிறகு கிளாஸை மறுபடி நீட்டினார். மிச்சம் முழுவதையும் ஊற்றிக் கொடுத்தேன். ஒரு மனிதர் அவ்வளவு ஆசையோடு ஒன்றைக் குடித்ததை நான் அதற்குமுன் கண்டதில்லை. வெறும் இளநீர்க் கோம்பையை வெளிக்குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, ஸ்குறூ டிரைவரைப் பாவாடையில் துடைத்து இருந்த இடத்தில் வைத்தேன். நல்ல காரியம் செய்த திருப்தி எனக்கு.

அம்மா பஸ் ஏறிப் போனபின் பனி தொடங்கியது. திங்கள் காலை எழும்பிப் பார்த்தால் தெருவையே காணவில்லை. வெள்ளைக்காரக் கிழவர் கேத்திலில் சுடுதண்ணீர் கொண்டுவந்து தன் காரின் முன்கண்ணாடியில் ஊற்ற, அது படாரென்று வெடித்தது. லண்டன் முழுக்க பஸ் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை என்று வானொலி சொன்னது. நான் துள்ளிக்கொண்டு கீழே இறங்கினேன். பெரியம்மா கட்டில் விளிம்பில் இருந்தார். எழும்பப் பார்க்கிறார், கால் இயங்குவதாக இல்லை. "நெஞ்சுக்கை என்னவோ பறவை சிறகடிக்கிற மாதிரிக் கிடக்கு" என்றார். முகம் சாம்பலாக இருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போன் எடுக்கவேண்டும். அம்மா முதியோர் இல்லத்திலேயே அகப்பட்டுவிட்டார். மாற்று ஆள் வரவில்லை என்று இன்னொரு ஷிப்டுக்கும் மறித்துவிட்டார்கள். அப்பாவின் ஆங்கிலம் கடைக்குக் காணும், ஆஸ்பத்திரிக்குக் காணாது. ஆகவே போனில் பேசியது நான். வாகனம் எதுவும் வராது, அம்புலன்ஸ் வர மணிக்கணக்காகும், உங்களால் கொண்டுவர ஏலுமென்றால் உடனே கொண்டுவாருங்கள் என்றார் அங்கிருந்த நேர்ஸ். பிறகு, நேற்று என்ன சாப்பிட்டார் என்று கேட்டார். வாழைப்பழம்? இல்லை. உருளைக்கிழங்கு? இல்லை. தோடம்பழம்? இல்லை. இளநீர்? உங்கள் ஆட்கள் அது நல்லதென்று நினைத்துக் கொடுப்பதுண்டு, இந்த நோய்க்கு அது இருதயத்தையே நிறுத்திவிடும் என்றார்.

நான் "நோ" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

அப்பாவுக்குச் சொல்லியிருக்கலாம். நேர்ஸ் இருதயம் என்று சொன்னதையும், உடனே கொண்டுவரச் சொன்னதையும் மட்டும் சொன்னேன். அப்பா மாடிக்கு ஓடி என் கட்டிலடியிலிருந்து பற்றரியைத் தூக்கிவந்து பொருத்தினார். தெருவில் வேறு எந்தக் காரும் முனகக்கூட இல்லை. எங்கள் கார் இருமி, இன்னொரு தரம் இருமி, பிடித்துக்கொண்டது. மாமாவைக் கூப்பிட்டோம். அவருடைய வெள்ளிக் கார் வாசலைவிட்டு ஓரடிகூட நகர மறுத்ததால் நடந்தே வந்தார், முழங்கால்வரை பனியோடு. இருவருமாகப் பெரியம்மாவைத் தூக்கிப் பின்னிருக்கையில் படுக்கவைத்தார்கள். அவருடைய தலையை மடியில் வைத்துக்கொண்டு மாமா பின்னால் இருந்தார். நான் என் வலப்பக்க இருக்கையில் ஏறினேன்.

"வடிவாய்க் கேள் பிள்ளை" என்றார் அப்பா. "நான் கேக்கேக்கை வருது எண்டால் வருது எண்டு சொல்லு. தெரியேல்லை எண்டால் தெரியேல்லை எண்டு சொல்லு. பொய் மட்டும் சொல்லிப்போடாதை."

சாலையைப் பற்றித்தான் சொன்னார். நான் முகத்தைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

அப்பா அன்று கார் ஓட்டிய விதம் இன்றும் என் கண்ணுக்குள் நிற்கிறது. முதல் கியரைத் தொடவே இல்லை, இரண்டாவதிலேயே மெல்ல எடுத்தார். பிரேக்கைக் கடைசிவரை மிதிக்கவில்லை. தொலைவிலேயே வேகத்தைக் குறைத்து, காரைத் தானாக அடங்கவிட்டார். வீட்டில் எதற்கெடுத்தாலும் அம்மாவின் முகத்தைப் பார்க்கிற மனிதர், ஆஸ்பத்திரிப் படிவத்தைக் கண்டால் என்னிடம் நீட்டுகிற மனிதர், அந்தக் காருக்குள் யாரையும் எதையும் கேட்கத் தேவையில்லாதவராக இருந்தார். வழியெல்லாம் விட்டுவிட்டுப் போன கார்கள் கோணல்மாணலாகக் கிடந்தன. ஒரு சிவப்பு பஸ் ஆளில்லாமல் நின்றது. வாசலில் பனி வழித்துக்கொண்டு நின்ற ஒருவர், ஒன்பது வயதுப் பெண்பிள்ளை தனியே கார் ஓட்டிப் போவதைக் கண்டு, மண்வெட்டியைத் தவறவிட்டார். வேறு நாளென்றால் நான் சிரித்திருப்பேன்.

பின்னால் பெரியம்மா மூச்சை எண்ணி எண்ணி விடுவது கேட்டது. நான் ஊரிலுள்ள எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். பிறகு நினைவு வந்தது, அந்த இளநீர் முருகனுக்கு வாங்கியது. அவரிடம் என்ன முகத்தோடு கேட்பது?

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ஒரு மேடு உண்டு. பாதி ஏறியதும் பின்சக்கரங்கள் வெறுமனே சுழன்றன. கார் பின்னால் வழுகத் தொடங்கியது. அப்பா பதறவில்லை. வழுகவிட்டு, மெல்ல மெல்ல அடிவாரம்வரை கொண்டுவந்து நிறுத்தினார். "பாரம் காணாது" என்றார். மூன்று மூட்டை அரிசியை நாங்கள் தின்றிருந்தோம். மாமாவுக்குக் குறைந்தது ஐந்து மூட்டைக் கனம் இருக்கும். அப்பா திரும்பி அவரைப் பார்த்தார். மாமாவும் அப்பாவைப் பார்த்தார். பிறகு இறங்கி, பின்கதவைத் திறந்து, மிஞ்சியிருந்த மூட்டையைக் கட்டிக்கொண்டு பின்சக்கரங்களுக்கு நேர்மேலே மல்லாந்து படுத்தார்.

"உயிரோடை இதிலை ஏறினவன் நான்தான் முதல் ஆள் போலை" என்று அங்கிருந்து அவருடைய குரல் வந்தது. அந்த நிலையிலும் பெரியம்மா சிரித்தார். அவருடைய சிரிப்பைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்பா இன்னும் பின்னுக்குப் போய், வேகம் எடுத்து வந்தார். மேட்டின் நடுவில் ஒரு வேன் குறுக்கே கிடந்தது. நின்றால் மறுபடி கீழேதான். அதை வலப்பக்கமாக விலத்திப் போகவேண்டும், ஆனால் அதற்கு அப்பால் என்ன வருகிறதென்று அவருக்குத் தெரியாது. "வருதோ?" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தேன். "இல்லை அப்பா, ஒண்டும் வரேல்லை, போங்கோ!" ஒரு கணமும் யோசிக்காமல் ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்தார். காலையில் ஒரு பொய் சொன்ன வாயை நம்பித்தான் ஒடித்தார், அவருக்கு அது தெரியாது என்று நான் நினைத்தேன். கார் ஒருமுறை இடுப்பை நெளித்தது. பின்சக்கரம் எதையோ கடித்துப் பிடித்தது. ஏறிவிட்டோம்.

ஆஸ்பத்திரியில், என்னோடு போனில் பேசிய அதே நேர்ஸ் முதல்நாள் இரவு வீட்டுக்கே போகாமல் அங்கேயே தங்கியிருந்தார். பெரியம்மாவின் நெஞ்சில் வயர்களை ஒட்டினார்கள், இரத்தம் எடுத்தார்கள். முடிவைப் பார்த்த நேர்ஸின் முகம் இறுகியது. என்னைப் பக்கத்தில் அழைத்து, சாப்பாட்டு விஷயத்தை மறுபடி கேட்கச் சொன்னார். அதே பட்டியல். தமிழில் நான் மொழிபெயர்க்கவேண்டும். வாழைப்பழம், உருளைக்கிழங்கு, தோடம்பழம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். கடைசியில், "பெரியம்மா, நீங்கள் இளநி குடிச்சனீங்களோ?" என்று கேட்டேன். குற்றவாளியே விசாரணை நடத்திய வழக்கு அது ஒன்றாகத்தான் இருக்கும்.

பெரியம்மா என்னைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்துச் சொன்னார்.

"ஓம். நாக்கை அடக்க ஏலாமல் நான்தான் களவாய் எடுத்துக் குடிச்சனான். பிள்ளைக்கு ஒண்டும் தெரியாது."

அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். உடனே இயந்திரத்தில் போட்டார்கள். இரண்டு மணிநேரம் கழித்து முகத்தில் நிறம் வந்தது. அரை மணி பிந்தியிருந்தால் கதை வேறு என்று நேர்ஸ் சொன்னதையும் நான்தான் அப்பாவுக்கு மொழிபெயர்த்தேன். அப்பா வெளியே போனார். கூடவே போனேன். காரின் மேல் இருந்த பனியைக் கையாலேயே வழித்துவிட்டு, கூரையில் உள்ளங்கையை வைத்தபடி கொஞ்சநேரம் நின்றார். மாமா தன் கழுத்துச் சால்வையால் முன்விளக்குகளைத் துடைத்தார். அன்றோடு அந்தக் காருக்கு இருந்த பட்டப்பெயரும் ஒழிந்தது.

அந்தக் காருக்கும் அதை ஓட்டியவருக்கும் நான் எவ்வளவு கடன்பட்டவள் என்பதை இப்போது சொல்வதில் எனக்கு எந்த வெட்கமும் இல்லை. அப்பா அந்தக் காரை மற்றவர்களின் பேச்சைக் கேட்டு விற்றிருந்தால், ஒரு சாவைச் சுமந்துகொண்டு நான் வளர்ந்திருப்பேன். எல்லாருடைய சிரிப்புக்கிடையிலும் டயர் மாற்றிய மனிதர் அவர்.

ஆனால் அப்போது நான் நினைத்தது வேறு. பிடி கிடைத்தால் பிள்ளைமனம் விடாது. பெரியம்மா தானே களவாய்க் குடித்ததாகச் சொல்லிவிட்டார் அல்லவா? அப்படியென்றால் நான் கொடுத்ததற்குப் பிறகு, எங்கிருந்தோ இன்னொன்றையும் எடுத்துக் குடித்திருக்கிறார். அவருடைய உடம்புக்கு வருத்தம் வந்தது அதனால்தான். இரண்டு நாளுக்குள் இதை நான் முழுமையாக நம்பிவிட்டேன். சாமிக்கு வைத்ததைக்கூட விடவில்லை என்று அம்மா பெரியம்மாவை நாட்கணக்காகத் திட்டினார். பெரியம்மா வாய் திறக்கவில்லை. நானும் அம்மாவின் பக்கம் நின்று தலையாட்டினேன். அந்த வார இறுதியில் காரின் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அப்பா, "இனி எதுக்குத் தண்ணி விடுறதெண்டாலும் முதல்லை என்னைக் கேள், என்ன?" என்றார். காரைப் பற்றிச் சொல்கிறார் என்று எண்ணி, ஓம் என்றேன்.

பெரியம்மா அதன்பின் ஆறு வருடம் எங்களோடு இருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் விவரம் அறிந்து நன்றி சொல்ல வாய் திறப்பதற்குள் போய்விட்டார்.

அந்த மாசியிலேயே பள்ளிக்கூட விடுமுறை வந்தபோது நானும் அவரோடு டயலிசிஸுக்குப் போனேன். உணவு ஆலோசகர் ஒருவர் படங்களோடு வந்து, நோயாளிகள் திருடிக் குடிப்பதால் வரும் ஆபத்தைப் பற்றி அவருக்கு நீண்ட பாடம் எடுத்தார். மொழிபெயர்ப்பு என்னுடையது. நானும் சும்மா இருக்கவில்லை, என் சொந்தச் சரக்கையும் சேர்த்துக்கொண்டேன். இப்படிச் செய்யலாமோ, அப்பா எவ்வளவு கஷ்டப்பட்டுக் கார் ஓட்டினவர், மாமாவைப் பின்னாலை படுக்க வைச்சதே உங்களாலைதானே என்று விரலை ஆட்டிக் கேட்டேன். பெரியம்மா இயந்திரத்தில் கட்டுண்டபடி, முகத்தைக் கவனமாக வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார்.

"ஓம் குஞ்சு. இனிச் செய்யமாட்டன். பெரியம்மாவை மன்னிச்சுக்கொள்" என்றார்.

நான் கொஞ்சநேரம் யோசிப்பதுபோல இருந்துவிட்டு, போனால் போகிறதென்று, "சரி, இந்தமுறை மன்னிச்சிட்டன்" என்றேன்.